பைக்கில் ஏறாத கூண்டு

"பைக்ல வெக்கிற மாதிரி ஒரு கூண்டு குடுங்க. ஜல்தி, கடைய அப்பிடியே போட்டுட்டு வந்திருக்கேன்."

திண்டிவனத்தில் நான் கூண்டுக்கடை நடத்தியபோது பாதிப் பேர் இப்படித்தான் வருவார்கள். உள்ளே இருக்கப்போவது என்ன பிராணி என்று சொல்லமாட்டார்கள். பெட்ரோல் டேங்க் மேல் உட்காருமா என்றுதான் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்தவர் கூட்டேரிப்பட்டில் டிபன் கடை வைத்திருக்கும் அருளப்பன். கூடவே அவர் மனைவி ஸ்டெல்லா, கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை. அதற்குள் வாலில்லாத குண்டு எலி மாதிரி இரண்டு ஆண் கினி பிக், நடுவில் அட்டைத் தடுப்பு. இரண்டில் சிறியதன் காது கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"லவ் பேர்ட்ஸ் கூண்டுலதான் வெச்சிருந்தோங்க. எந்நேரமும் அடிச்சிக்கினு கெடக்குதுங்க," என்றார் ஸ்டெல்லா. "பொண்ணு ஹாஸ்டல் போறப்ப என்னை நம்பி விட்டுட்டுப் போனா. லீவுக்கு வந்து ஒண்ணு எங்கன்னு கேட்டா, அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"பின்ன, தெனம் இதே பேஜாரு! இன்னிக்கு சரிப்பட்டு வரலன்னா ஒண்ணு எங்க மச்சான் வூட்டுக்குப் போயிடும்," என்றார் அருளப்பன்.

ஸ்டெல்லா கைகாட்டியது மூன்று மாடிக் கூண்டு. அருளப்பன் எடுத்தது அதே பழைய சைஸ், பெயின்ட் மட்டும் புதுசு.

"ரெண்டையும் தரமாட்டேன்," என்றேன்.

"யோவ், வியாபாரம் பண்றியா, வம்பு பண்றியா?"

"அண்ணே, கூண்டு பைக்ல இருக்கப்போறது அரை மணி நேரம். இதுங்க உள்ள இருக்கப்போறது ஆயுசுக்கும். இது பறக்காது, தரையிலதான் ஓடும். ஒசரம் எதுக்கு? நீள அகலம் வேணும். அடியில கம்பி இருந்தா கால் புண்ணாயிடும்."

வாய்ப்பேச்சு போதாது என்று கம்பிவலைப் பேனல்களைக் கடைத் தரையிலேயே கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு இணைத்தேன். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கும் நீளம். அடியில் பிளாஸ்டிக் ஷீட், மேலே பழைய துணி. ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் ஒன்று மறித்துக்கொள்ளும், மற்றது மாட்டிக்கொள்ளும். அருகம்புல்லையும் இரண்டு மூலையில் தனித்தனியாகப் போட்டேன்.

இரண்டையும் உள்ளே விட்டதும் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டார். பெரியது பாய்ந்து துரத்தியது. காது கிழிந்த சின்னது பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து ஓட்டம் பிடித்தது. பெரியது கொஞ்ச நேரம் தேடிவிட்டு, அலுத்துப்போய்ப் புல்லுக்குத் திரும்பியது. மற்றது எதிர்மூலையில் மேய ஆரம்பித்தது.

"கண்ணத் தொறங்கம்மா. அதுங்களுக்குள்ள பகை ஒண்ணும் இல்ல. எடம்தான் பத்தல."

"அடேயப்பா! கல்லா கிட்ட எனக்கே இவ்ளோ எடம் கெடையாதே!" என்றார் அருளப்பன். டைகளை வெட்டிப் பேனல்களை அடுக்கிக் கட்டி, வீட்டில் மாட்டப் புது டைகளும் கொடுத்தேன். பைக்கில் சுகமாகப் போயிற்று.

லீவுக்கு வந்த மகள் போன் செய்தாள். "அங்கிள், ரெண்டும் ஒரே பெட்டியில ஒட்டிக்கினு தூங்குதுங்க. இன்னொரு பெட்டி சும்மாதான் கெடக்குது. எடுத்துடட்டுமா?"

"எடுத்துடாதம்மா," என்றேன். "அது அங்க இருக்கறதாலதான் இதுங்க ஒண்ணா தூங்குதுங்க."