பெரியம்மா கல்

தேனியில் சந்தைக்குப் போகிற ரோட்டில், மருந்துக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் போன வருடம் வரை ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். இப்போது யாரும் தலையில் எதையும் தூக்குவதில்லை. அதனால் அதன்மேல் ஹெல்மெட் இருக்கும், குடித்துப் போட்ட டீ கப் இருக்கும், கொய்யாப்பழ வண்டிக்காரர் தன் தார்ப்பாயின் ஒரு முனையை அதில் கட்டியிருப்பார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு அதைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அந்தக் கல் எனக்குப் பெரியம்மா.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால் அவள் நினைவாகச் சுமைதாங்கி நடுவார்கள். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள். வழிப்போக்கர்கள் அங்கே சுமையை இறக்க இறக்க அவளுக்கும் இறங்கும் என்று நம்பிக்கை. என் அப்பாவின் முதல் மனைவி அப்படிப் போனவள். நிறைமாதம். அப்பா கல் நட்டார். பிறகு என் அம்மாவைக் கட்டினார். அக்கா பிறந்தாள், ஐந்து வருடம் கழித்து நான். பெரியம்மா பிழைத்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இல்லை. இதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கல்லைத் தாண்டும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது. தோட்டத்துக் கத்தரிக்காயைக் கூடையில் சுமந்து சந்தைக்குப் போகிறபோது அங்கே நின்று, "அக்கா, செத்த புடிங்க" என்பாள். கூடை கல்லுக்கு மாறும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மழை பெய்யாதது, எனக்குச் சளி பிடித்தது, அப்பா நேற்றுச் சாப்பிடாமல் படுத்தது எல்லாவற்றையும் கல்லிடம் ஒப்பிப்பாள். மூத்தவளைப் பற்றி ஒரு பொல்லாத வார்த்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சக்களத்திச் சண்டை என்று ஊரில் பேசும்போதெல்லாம் எனக்கு அது என்னவென்றே புரியாது.

பொங்கலுக்கு முந்தின நாள் வெள்ளையடிப்பு. முதலில் கல்லுக்கு, அப்புறம்தான் வீட்டுக்கு. அம்மாவின் சட்டம் அது. ஒரு வருடம் தப்பியதில்லை. அப்பா போன பிறகும் அடித்தோம், அம்மா போன பிறகும் அடித்தேன். கல்லின் முன்பக்கத்தில் எழுத்து வெட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதுக்கு வருவதற்குள்ளேயே அதில் பாதி சுண்ணாம்புக்குள் போய்விட்டது. மீதியை நானே என் கையால் மூடினேன், கோணல் இல்லாமல் இழுத்துவிட்டோம் என்ற பெருமையோடு. மறந்துபோய் மூடியிருந்தால்கூட மனசு ஆறும். நாங்கள் பிரியமாக அல்லவா மூடினோம்.

நான் பத்திரம் எழுதுகிறவன். நாற்பது வருடத்துக்கு மேலாக, இன்னாரின் மனைவி இன்னார், இன்னாரின் மகள் இன்னார் என்று ஊர்ப் பெண்களின் பேரையெல்லாம் எழுதித் தேய்ந்த கை இது. பெரியம்மாவின் பேர் எனக்குத் தெரியாது. அம்மா 'அக்கா' என்றாள், நாங்கள் 'பெரியம்மா' என்றோம், பெண்டாட்டி பேரைச் சொல்கிற வழக்கம் அப்பா காலத்தில் இல்லை. கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். இடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் பெரியம்மாவும் இருந்தாள், 'இடைஞ்சல் கல், ஒன்று' என்று. நான் சண்டைக்குப் போகிற ஆள்தான். ஆனால் பொறுப்பில் இருந்த பொறியாளர் என் மகள் வயதுப் பெண், மரியாதையான பெண், வெயிலில் நின்று வேலை பார்க்கிற பெண். அவளிடம் கத்த வாய் வரவில்லை.

"ரெக்கார்டுல இப்படி ஒரு கல்லே இல்ல சார்" என்றாள்.

ரெக்கார்டு என்கிற வார்த்தையை என்னிடம் சொல்லலாமா? இரண்டு நாள் கழித்து, அந்தத் தெருவில் உள்ள மூன்று வீடுகளின் பழைய மூலப் பத்திரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவள் ஆபீஸ் மேஜையில் விரித்தேன். நான்கு எல்லை விவரத்தில், 'சுமைதாங்கிக் கல்லுக்கு வடக்கு', 'சுமைதாங்கிக் கல்லுக்குக் கிழக்கு' என்று மூன்றிலும் இருந்தது. மூன்று குடும்பத்துச் சொத்துக்கு அவள் எல்லை. அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கல்லை உடைக்காமல் பதினைந்து அடி தள்ளி, சந்தை வாசல் பக்கம் நட்டு, ஒரு போர்டும் வைத்துத் தருவதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"போர்டுல பேரு போடணும் சார். யாரு நினைவா வச்சது?"

பேர் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பத்திரங்களை மடிக்க ஆரம்பித்தேன்.

"பரவால்ல சார். 'யாரோ ஒரு பெண்ணின் நினைவாக'ன்னு போட்டுக்கிருவோம். திங்கக்கெழம கல்லப் பேத்தெடுக்கப் போறோம்."

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. யாரோவா? எங்கள் வீட்டு மூத்தவள் யாரோ ஒரு பெண்ணா? திங்கட்கிழமைக்குள் பேரைக் கொண்டுவந்து தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான் எங்கே போய்த் தேடுவது என்று திகைப்பாக இருந்தது. பெரியம்மா பிறந்த வீட்டு ஆட்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது கூடலூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ஒருத்திதான். போன் போட்டேன்.

"ஏலே, ஊரு பூராவுக்கும் பேரெழுதுற, இது ஒனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தாள்.

"ஒனக்குத் தெரியுமா, சொல்லு."

"அம்மா அக்கான்னுதானடா சொல்லும். அப்பா அந்தப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாக."

பிறகு அவளே சொன்னாள், "கல்லச் சொரண்டிப் பாத்தா என்ன? நானும் வாரேன். நீ ஒத்தையில போயி எழுத்தையும் சேத்துச் சொரண்டி வப்ப."

சனிக்கிழமை சாயங்காலமே கல்லுக்கு ஈரச் சாக்கைப் போர்த்தி, நாலு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். ஞாயிறு காலை அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் இரண்டு கொட்டாங்கச்சி. இரும்பு பட்டால் எழுத்து போய்விடுமாம். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குப் பார்வையும் கூர்மை, நாக்கும் கூர்மை.

சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. வெள்ளைக்கு அடியில் வெள்ளை. ஒரு அடுக்கு மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. "இந்த வருசம் அம்மா நீலத்த அள்ளிப் போட்டுருச்சு. வீடே போலீஸ் ஸ்டேசன் மாதிரி இருந்துச்சுடா" என்று அக்கா சிரித்தாள். அடுத்து ஒரு மஞ்சள், எந்தத் தேர்தலுக்கு யார் அடித்ததோ. அதற்கும் கீழே மறுபடி எங்கள் வெள்ளை. போன பொங்கல், அதற்கு முந்தின பொங்கல் என்று அம்மா இருந்த காலத்துக்குள் போய்க்கொண்டே இருந்தோம். கொய்யாப்பழக்காரர் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, "என்னண்ணே, பொதையலா?" என்றார். அக்கா அவரிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி விரட்டினாள்.

பத்து மணிக்கு அப்பாவின் பேர் வந்தது. அடுத்த வரியில் 'மனைவி' என்ற வார்த்தை. அதற்கடுத்த வரியில் சுண்ணாம்பு கல்லோடு கல்லாக இறுகிப்போயிருந்தது. என் கண்ணாடியெல்லாம் தூசி. அக்கா என்னைத் தள்ளிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை விட்டுத் தடவிக்கொண்டு போனாள். பாதியில் விரல் நின்றது.

"ஏலே, நீ வாசி."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனசுக்குள் வாசித்தேன். திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

"எம் பேருல்லடா இது" என்றாள்.

நான் பத்திரக்காரன் புத்தியில், "ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருக்குறதுதான" என்றேன். அவள் காதில் அது விழவே இல்லை. கொய்யாப்பழ வண்டியின் ஓரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதப் பொண்ணுக்கு அப்பாவப் பெத்தவுக பேருதான வைக்கணும்? எனக்கு வைக்கலன்னு வீட்ல பெரிய சண்டையாம்டா. அம்மாதான் இந்தப் பேரு வச்சுச்சு. எதுக்கு வச்சன்னு யாரு கேட்டும் சொல்லலையாம். புடிச்சிருந்துச்சு வச்சேன்னுச்சாம்."

கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, "அப்பா ஒருநாளும் என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. 'ஏத்தா, இங்கன வா'ம்பாக. எம்மேல பிரியம் இல்லன்னுதான் நான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, எழுபது வயது தாண்டியவள், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் ஏங்கி ஏங்கி அழுதாள்.

எனக்கு அம்மாதான் கண்ணுக்குள் நின்றாள். இன்னொருத்தி வாழ்ந்த வீட்டுக்கு இருபது வயதுகூட ஆகாமல் வந்தவள், தன் முதல் பிள்ளைக்கு அந்த இன்னொருத்தியின் பேரை வைத்திருக்கிறாள். சாயங்காலம் தெருக்கோடியில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிற அக்காவை வாசலில் நின்று முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுவாள். சாப்பிட வா, தலைபின்ன வா, இருட்டுது வீட்டுக்கு வா. அக்கா ஒரு குரலுக்கு வருகிற ஆள் இல்லை. நாலு தடவை, ஐந்து தடவை கூப்பிட வேண்டும். அம்மா சலித்துக்கொண்டதே இல்லை. பெரியம்மாவைத்தான் அவள் தினமும் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் இத்தனை வயதில் தெரியவந்தது.

எழுத்தைப் போட்டோ எடுத்துப் பொறியாளர் பெண்ணுக்கு அனுப்பினேன். விடுமுறை நாள் என்றும் பார்க்காமல் உடனே பதில் போட்டாள். பேரை அப்படியே போர்டில் போட்டுவிடலாம், கல்லையும் கிரேன் வைத்து அலுங்காமல் தூக்கிவிடலாம் என்று. படித்துக் காட்டினேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏலே தம்பி, ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடு."

பிறந்ததிலிருந்து நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு நாக்கு எழும்பாது. கொய்யாப்பழக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளேயே மெதுவாகச் சொன்னேன்.

"சத்தமாக் கூப்புடுறா. அம்மா கூப்புடுற மாதிரி."

சந்தை ரோட்டில் நின்று, கூப்பிட்டேன்.

"இந்தா இருக்கேன்" என்றாள் அக்கா.