மீன்காரம்மா பார்த்த பக்கம்

கல்கத்தா பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஷோகேஸில் அக்காவின் படம் ஒன்று இருந்தது. ஸ்டுடியோவில் அட்டை நிலாவின் மேல் உட்காரவைத்து எடுத்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த காலியிடம் எனக்காக விடப்பட்டது என்று நம்பினேன். அம்மா அங்கே கரண்ட் பில்லைச் சொருகி வைத்த பிறகும் நம்பினேன்.

இரண்டாவது பிள்ளையை ஸ்டுடியோவரைக்கும் கூட்டிப்போகிற உற்சாகம் பெற்றவர்களுக்கு மிச்சமிருக்காது என்பதெல்லாம் அப்போது தெரியாது. நான் பார்க்க லட்சணமாக இல்லை, அதனால்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். போதாக்குறைக்கு அந்த வருஷம் முன்பற்கள் விழுந்துவிட்டன. முளைக்காமலே போய்விடுமோ என்ற பயம் வேறு. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பிள்ளை நான். பஸ் ஹவுரா பாலத்தில் ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பாலத்துக்குப் பாரம் கொஞ்சம் குறையட்டும் என்று.

அப்போதுதான் மாமா கேமரா வாங்கினார். அம்மாவின் தம்பி, கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் கிளார்க், கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பாட்டு கிளாசுக்குப் போனபின் கூப்பிட்டார்.

"மருமவளே, கெளம்பு. ஒன்ன போட்டோ எடுக்கணும்."

இருப்பதிலேயே நல்ல மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டேன். அம்மா இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிட்டாள். மாமா கூட்டிப்போனது மீன் மார்க்கெட்டுக்கு.

பெரிய அரிவாள்மணையைக் காலால் அழுத்திப் பிடித்து மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாளின் பக்கத்தில், பலகையின் ஓரமாக என்னை நிறுத்தினார். மீன் தண்ணீர் கவுனில் தெறிக்குமே என்று எனக்கு உயிர் போயிற்று.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

தள்ளித் தள்ளி நின்றேன். ஓட்டைப்பல் தெரியாமலிருக்க மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே சிரிக்கப் பார்த்தேன். மீன்காரம்மா வெட்டுகிறதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஓ குக்கூ, ஹாஷோ!" என்று சத்தம் போட்டார். பாப்பா, சிரி என்று அர்த்தம். பல்லே இல்லை, எங்கிருந்து சிரிக்கும் என்று அடுத்த கடைக்காரர் பெங்காலியில் சொன்னதும் அந்த வரிசையே சிரித்தது. மாமா க்ளிக் செய்தார்.

அதன்பின் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலை. நடைபாதைச் சுவரில் கண்ணாடி மாட்டி முடிவெட்டுகிறவரின் பக்கத்தில் நின்றேன். ஹவுரா படகுத்துறையில், மண் கப்பில் டீ குடிக்கும் கூலிகளின் பக்கத்தில் நின்றேன். படகு கிளம்பி மாமா அதில் போய்விடுவாரோ என்று ஒரு கண் அந்தப் பக்கம். எங்கே போனாலும் உதட்டை மட்டும் விடவில்லை.

"ஏல, ஒலகத்துல எடமில்லாமலா பிள்ளைய மீன் கடையில நிறுத்துத?" என்று அம்மா கத்தினாள். "விக்டோரியா மெமோரியல் எவ்வளவு அழகா இருக்கு. அங்க கூட்டிட்டுப் போயேன்."

"அது எங்கயும் ஓடாதுக்கா. நேத்து டீ குடிச்ச ஆளு இன்னைக்கு அங்க இல்ல, பாத்துக்கோ."

படத்தைக் காட்டச் சொன்னால் பொங்கலுக்குப் பார் என்றார். நம் ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கிற ஹாலில் மாமாவின் படங்களைச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். திருநெல்வேலி அத்தைக்கு டெலிபோனில் சொன்னேன். பல் தெரிந்துவிட்டால் ஹால் முழுக்கப் பார்க்குமே என்ற கவலையும் சந்தோஷமும் சேர்ந்து, முதல் நாள் சாப்பாடே இறங்கவில்லை.

ஹாலில் நெய் வாசனை. அதே மஞ்சள் கவுனில் சுவரோரமாக நடந்தேன். மீன்காரம்மா இருந்தார். முடிவெட்டுகிறவரும், முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவரிடம் உட்கார்ந்திருந்தவரும் இருந்தார்கள். கூலிகள் இருந்தார்கள். என்னைக் காணவில்லை. ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று முதலிலிருந்து இன்னொரு தரம் நடந்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் என் ரிப்பனின் நுனி மட்டும் இருந்தது.

"ஏட்டி, ஒன் ரிப்பன் நல்லா விழுந்திருக்கு" என்றாள் அக்கா.

பின்னால் மாமா யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேரா கேமராவ நீட்டுனா வெறச்சுப் போயிருவாங்க சார். இவள ஓரமா நிறுத்தி, இவள எடுக்கற மாதிரி அவங்கள எடுத்துட்டேன்." கேட்டவர் சிரித்து என் தலையைத் தட்டினார். இடது பக்கம், இன்னும் இடது பக்கம் என்று மாமா சொன்னதெல்லாம் படத்தைவிட்டு என்னை வெளியே தள்ளத்தான்.

அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா இலைத் தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார்.

"நீ இல்லாம இந்தப் படம் ஒண்ணும் இல்ல மருமவளே."

"நான் இருக்கற படந்தான் ஒண்ணும் இல்ல" என்றேன்.

மாமா தொன்னையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். போகவில்லை. அங்கேயும் தள்ளி நிற்கச் சொல்வாரோ என்று பயம்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, தையல் கற்று, இப்போது பெஹாலாவிலேயே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மாமா ரிட்டயராகி ஊருக்குப் போகும்போது அந்தப் படங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெறும் சுவராக இருக்கிறதே என்று கடையில் மாட்டினேன். நானும் மார்க்கெட் போகிற வழியில் செல்போனை நீட்டிப் பார்த்ததுண்டு. மாமா சொன்னது சரிதான், எல்லாரும் விறைத்துப்போகிறார்கள்.

போன மாதம் ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்கு அளவெடுக்கும்போது, கூட வந்த அவர் மகள் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள், இவர்களெல்லாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானும் போய்ப் பார்த்தேன். மீன்காரம்மா பாதி வெட்டிய மீனைக் கையில் மறந்துவிட்டு படத்தின் ஓரத்துக்கு வெளியே பார்க்கிறார். முடிவெட்டுகிறவர் கத்தரியை அப்படியே நிறுத்திவிட்டு அதே பக்கம் பார்க்கிறார். கூலிகளில் ஒருவர் டீயைச் சிந்திக்கொண்டு சிரிக்கிறார். எல்லார் கண்ணும் கொஞ்சம் கீழே, ஒரு பிள்ளை நிற்கிற உயரத்தில் இருக்கிறது.

அந்த வயதில் என்னைத் தனியாக எடுத்த படம் எங்கேயும் இல்லை. எப்படி இருந்தாய் என்று யாராவது கேட்டால், மீன்காரம்மாவின் முகத்தைத்தான் காட்டவேண்டும்.