சட்டைப்பையில் இருந்த கண்ணாடி

எங்கள் றப்பர் தோட்டத்துக்கு, வேலையை மேற்பார்க்க ஆறு மாதம் ஒரு கணக்கப்பிள்ளை வந்திருந்தார். கறுப்பு மை பூசிய மீசை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், புத்தகத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துத்தான் வாசிப்பார். பெண்கள் சிரிப்போம்.

எனக்கு நாற்பத்தாறு வயது. றப்பர் மரத்தில் பால் வெட்டும்போது, பட்டையில் கத்தி போகவேண்டிய கோடு மங்கி, கத்தி ஆழமாக இறங்கியது. மரத்தில் காயம் பட்டால் பால் வெட்டிலிருந்து நிறுத்தி, புல்லு வெட்ட அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் என் மரங்களைத் தடவிப் பார்த்தார்.

“கோடு தெரியலையா தங்கச்சி?”

“தெரியுதுங்க ஐயா.”

“நானும் இப்படித்தான் பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இது நோய் வருத்தம் இல்ல, வயசு.”

சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துத் தந்தார். போட்டதும் பட்டையில் கோடு பளிச்சென்று தெரிந்தது.

“ஐயா ஏன் போடுறதில்லைங்க?”

“வெக்கந்தான். கெழவன்னு சொல்லுவீங்களே.”

ஞாயிற்றுக்கிழமை அவிசாவளை டவுனுக்குப் போய் எனக்கொன்று வாங்கினேன். அவருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் பெரட்டுக்குக் கண்ணாடியோடு, தலை குனிந்து போனேன்.

“டீச்சரம்மா வர்றாங்க!” என்றாள் ஒருத்தி.

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகத் தன் கண்ணாடியை எடுத்துப் போட்டு, புத்தகத்தைக் கிட்டப் பிடித்து, முதலில் என் பெயரைக் கூப்பிட்டார்.

இன்றும் அதே மரங்களில்தான் பால் வெட்டுகிறேன்.