விசாகம், விருச்சிகம், பேட்டைக்கு ஒரு புத்தகக் கடை

போன ஐப்பசியில் என் வீட்டுக்குள் நடக்க வழியில்லை. முன்னறையில், கட்டிலுக்கு அடியில், சாமி அலமாரிக்கு முன்னால், எங்கும் விற்பதற்கென்று வாங்கிய புத்தகக் கட்டுகள். வெளியே அடைமழை. அட்டைப்பெட்டிகளின் அடியில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. புத்தகம் இருந்தது, கடை இல்லை. முருகனடியார்களே, நான் மனம் விட்டுப்போன நாட்கள் அவை.

எங்கள் ஊரான பேட்டையில் லேத் பட்டறை உண்டு. பரோட்டாக் கடை உண்டு. செல்போன் கடைகள் ஒன்றை ஒட்டி ஒன்று உண்டு. புத்தகக் கடைதான் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஒரே கடையும் பல வருடங்களுக்கு முன் ஷட்டரை இறக்கிவிட்டது. பிள்ளைக்கு ஓர் அகராதி வேண்டுமென்றால் வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். பட்டறை வேலைக்குப் போகிற தாய் தகப்பன் அதற்காக லீவு போடுவார்களா? பேட்டைக்காரன் படிக்க மாட்டான் என்று டவுனில் சொல்வார்கள். வாங்க இடமில்லாதவன் எதைப் படிப்பான் என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கடையை மறுபடி திறப்பது என்று நானும் என் மனைவி கோமதியும் முடிவு செய்தோம். அவள் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். ஆசை அவளுடையது, அலைச்சல் என்னுடையது.

நான் பத்திரப்பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவுக்கு எந்த மேசை, அந்த மேசை எப்போது டீ குடிக்கப் போகும் என்பதுவரை தெரியும். உரிம மனு, வரி ரசீது, மின் இணைப்பு மனு எல்லாம் தயார். குத்தகைப் பத்திரத்தில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

கடைக் கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தம்பி சண்முகம் பேட்டையிலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். கேட்ட அன்றே சரி என்றார். அண்ணன் சங்கரலிங்கம் டவுனில் இருக்கிறார். அவர் ஒரே வரியில் முடித்தார்.

"அவன் கையெழுத்து விழுந்த தாள்ல என் கையெழுத்து விழாது வே. காப்பி குடிச்சிட்டுப் போம்."

காரணம், அவர்களுடைய தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகை. அதை அச்சடித்தபோது தம்பி பெயர் மேலேயும் அண்ணன் பெயர் கீழேயும் வந்துவிட்டது. அன்றைக்குப் போன பேச்சுவார்த்தை திரும்பி வரவில்லை. பழைய கடைக்காரரின் குத்தகை புதுப்பிக்கப்படாமல் போனதும் இதனால்தான். ஓர் ஊரின் புத்தகக் கடையை ஒரு கல்யாணப் பத்திரிகை மூடிவிட்டது.

வேறு இடம் கேட்டுப் போனேன். "புத்தகமா சார்? வாடகை வருமா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். பாகப்பிரிவினை வழக்குப் போடும்படி தம்பிக்கு யோசனை சொல்லலாம். தீர்ப்பு வரும் நாளில் நானும் இருக்க மாட்டேன், புத்தகங்களைக் கரையானும் விட்டுவைத்திருக்காது.

பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே கோமதி சொன்னாள்: "எல்லா ஆபீஸுக்கும் போயிட்டு வந்துட்டீக. ஒரு ஆபீஸுக்கு மட்டும் இன்னும் போகலையே."

நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவனைப் போலப் போவேன், வருவேன். ஒன்றைக் கேட்டு அழுததில்லை. அன்று ஆற்றங்கரை முருகன் சந்நிதியில் நின்றபோது அழுகை வந்தது. அர்ச்சனை செய்யலாம் என்று தோன்றியது. யார் பெயருக்கு? தடை யாரிடம் நிற்கிறதோ அவர் பெயரில் போனால்தானே கோப்பு நகரும்? சங்கரலிங்கம் பெயருக்கே செய்வது என்று நினைத்தேன். ஆனால் நட்சத்திரம் தெரியாது. தம்பியிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சிக்கு என்ன நட்சத்திரம்?"

"எதுக்கு?"

"அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை."

"அவருக்கா? உமக்கு வேற சோலியே இல்லையாவே?" சண்முகம் லேத்தை ஓட விட்டார். நான் வாசலைத் தாண்டியதும் லேத் நின்றது. "வே, நில்லும். விசாகம், நாலாம் பாதம். விருச்சிக ராசின்னு சொல்லணும். விசாகம்னாலே துலாம்னு போட்டுருவானுவ. அண்ணனுக்குக் கோவம் வந்துரும்."

அதன்பின் செவ்வாய்தோறும் போனேன். பட்டரிடம் பெயர், நட்சத்திரம், ராசி சொல்வேன். அந்த மனம் இளகட்டும் என்று வேண்டுவேன். கார்த்திகையில், சங்கரலிங்கத்துக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் செவ்வாய் சந்நிதியில் கடை நினைவுக்கு வரவில்லை. மனுஷன் பிழைத்து எழுந்து வரட்டும் என்பது மட்டுமே வாயில் வந்தது. பதவியில் இருந்த காலமெல்லாம் எதிரே நின்றவரை ஒரு மனுவாகவே பார்த்தவன் நான். அன்று முதன்முறையாக ஓர் ஆளைப் பார்த்தேன்.

சில நாள் கழித்து சண்முகத்திடமிருந்து போன். "வே, உடனே வாரும். அண்ணன் பட்டறைக்கு வந்திருக்காரு. எனக்கு என்ன பேசன்னே தெரியல."

ஓடினேன். சங்கரலிங்கம் இரும்புத் தூளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்கு முன் அர்ச்சனை செய்ய அதே ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போயிருக்கிறார். அவர் பெயரைச் சொன்னதும் மிச்சத்தைப் பட்டரே சொல்லி முடித்து, "இந்தப் பேருக்குச் செவ்வாய்தோறும் நடக்கே அண்ணாச்சி" என்றிருக்கிறார். செய்வது யார் என்று கேட்கக்கூட நிற்காமல் நேரே தம்பியிடம் வந்துவிட்டார்.

"ஏலே சம்முவம், இத்தன நாளா நீயா செஞ்சுக்கிட்டு இருந்த?"

சண்முகம் என்னைப் பார்த்தார். பொய்யில் ஒரு காரியம் தொடங்க எனக்கு மனமில்லை. "செய்தது நான்தான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "விருச்சிகம்னு உமக்கு யாருவே சொன்னா?"

"உங்க தம்பி."

"அப்ப அவன் செஞ்சதுதான். அம்மா போன பொறவு அதத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

சண்முகம் கரி படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்தார். அண்ணன் அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "அந்தத் தாள் எங்கவே? யாரு பேரு மேல இருக்கு?"

"மேல அண்ணன் பேரப் போடும் வே!" என்று சண்முகம் கத்தினார். நான் முன்பே அப்படித்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பதிவுத்துறை கற்றுத்தந்தது வீண்போகவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தைப்பூசத்தன்று கடை திறந்தோம். சங்கரலிங்கம் மெல்ல நடந்து வந்து விளக்கேற்றினார். சண்முகம் அவர் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். முதல் அகராதியை வாங்கியவள் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் ஒரு தாய். பஸ் ஏறாமல், வேலை உடுப்போடு, சாலையைக் கடந்து வந்தாள். கோமதி பில் போட மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இப்போது நடக்க இடமிருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது.

இன்றும் செவ்வாய்தோறும் போகிறேன். கேட்க ஒன்றுமில்லை, சும்மா நின்றுவிட்டு வருகிறேன். உங்கள் வழியை ஒருவர் மறித்து நிற்கிறாரா? அவர் பெயருக்கே ஓர் அர்ச்சனை செய்யுங்கள். நட்சத்திரத்தை மட்டும் அவரோடு பேசாமல் இருப்பவரிடம் போய்க் கேளுங்கள். மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான்.