ஜீனத் மிதந்த செவ்வாய்க்கிழமை

ஜீனத் முதன்முதலாக ஒரு நீச்சல் குளத்தில் இறங்கியபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. அதுவரை குடத்திலும் பக்கெட்டிலும் இருக்கிற தண்ணீரோடு மட்டுமே அவருக்குப் பழக்கம்.

திருவண்ணாமலை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் முபின் காலமான பிறகு, வேங்கிக்கால் வீட்டில் மதியங்கள் முடிவில்லாமல் நீண்டன. சென்னையிலிருந்து மகள் மெஹ்விஷ் தினமும் போனில் பேசுவாள். பேசி முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும்.

பக்கத்துத் தெருவிலிருந்த பொன்னிதான் அவரை ஓய்வு பெற்றோர் வட்டத்துக்கு இழுத்துப் போனார். பொன்னி சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜீனத் சமுதாயக் கூடத்துப் பலகையில் உருது எழுத்துகளை எழுதிக் காட்டினார். முதல் எழுத்தான அலிஃபை ஒரே கோடாக இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

பொன்னியின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதாங்க. எரநூறு பிள்ளைங்களுக்குச் சாம்பார் வைக்கிறது ஒண்ணு, நீச்சல் ஒண்ணு. சாம்பார் உங்க எல்லாருக்கும் தெரியும்."

செங்கம் சாலையில் ஒரு விடுதி. பௌர்ணமிக்கு நிரம்பி வழியும். மற்ற நாட்களில் அதன் நீச்சல் குளம் விழுந்த இலையை அள்ளக்கூட ஆளின்றிக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை காலைகளை வட்டத்துப் பெண்களுக்கென்று விடுதிக்காரர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

"அம்மி, இந்த வயசுல எதுக்கு? விழுந்து கிழுந்து வெச்சா?" என்றாள் மெஹ்விஷ்.

"தண்ணியில எங்கடி விழறது?" என்றார் ஜீனத். சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். சின்ன வயதில் அண்ணன் அப்சல் கிணற்றில் குதிப்பார். மேலே நின்று அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் ஜீனத்தின் வேலை.

முதல் சில வாரங்கள், முழுக்கைச் சட்டையும் தொளதொளப் பேண்ட்டுமாக, குளத்தின் ஓரக் கம்பியை விடாமல் பிடித்தபடி நின்றார். மற்றவர்கள் காலடித்துத் தண்ணீரை வாரி இறைத்தார்கள்.

ஒரு நாள் பொன்னி அருகில் வந்தார். "அக்கா, நீந்தவே வேணாம். சும்மா படுங்க. தலைய என் கையில குடுத்துடுங்க. நீங்க எதையும் தூக்க வேணாம்."

ஜீனத் கம்பியை விட்டார். காதுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பொன்னியின் உதடுகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. கால்கள் தாமாக மேலெழுந்தன. கண் முன்னால் வானம் மட்டும். அதன் ஓரத்தில் மலை தலைகீழாகத் தொங்கியது. உச்சியைப் பிடித்திருந்த மேகம் ஒன்று மெல்ல விட்டுவிட்டு, எந்த அவசரமுமின்றி நகர்ந்தது. நகர்வது மேகமா, தானா என்று அவருக்குத் தெரியவில்லை. முபின் போன நாளிலிருந்து தன் உடம்பையே ஒரு மூட்டையாகச் சுமந்துகொண்டிருந்தார். இப்போது யாரோ அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டது போலிருந்தது. கண்ணோரம் சூடாக வழிந்தது குளத்தோடு கலந்துவிட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தார். பொன்னி கரையில் உட்கார்ந்திருந்தார், கையில் டீ கிளாஸ்.

"கைய எப்ப எடுத்தீங்க?"

"அப்பவே எடுத்துட்டேன் அக்கா. நீங்கதான் இந்த ஊர்லயே இல்லையே!"

ஜீனத் கடைசிவரை நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. வட்டத்திலேயே மூத்தவரான எழிலரசி டீச்சர்கூடக் குளத்தைக் குறுக்கே கடந்துவிட்டார். ஜீனத்துக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அவர் நடுவில் மிதப்பார், மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். லீவில் வந்த மெஹ்விஷ் ஒரு செவ்வாய் கூடவே வந்தாள். கரையில் நின்று அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பேண்ட்டை மடித்துவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை தூறல் பிடித்தது. எல்லோரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"அக்கா, மழை ஜாஸ்தியாவுது, வாங்க!" என்று தாழ்வாரத்திலிருந்து பொன்னி கத்தினார்.

ஜீனத்துக்குக் கேட்கவில்லை. நெற்றியில் ஒரு துளி, கன்னத்தில் ஒரு துளி. அடுத்தது எங்கே விழும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார்.