இரண்டாந்தரம் அம்மை குத்த வந்தவர்

திண்டிவனத்தில் புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸில் ஏறி, படியில் குறுக்கே நின்றுகொண்டு, "எல்லாரும் கையெக் காட்டுங்க, அப்பறம் வண்டி போவட்டும்" என்கிறார் இருதயமேரி. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி முறைக்கிறார். "ஒங்களுக்குந்தான்" என்று அவர் சட்டைக் கையையே முதலில் சுருட்டுகிறார் மேரி.

சுகாதார இலாகாவில் அம்மை குத்துகிற வேலை. வெள்ளைச் சேலை, காக்கிப் பை. பைக்குள் ஸ்பிரிட் விளக்கு, அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்துப் புட்டி, தோலில் வைத்துத் திருகுகிற ஊசி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பதினோரு வருஷமாக அவர் நடக்காத வரப்பு இல்லை. கைக்குழந்தைகளுக்குக் குத்துவதில் தகராறு குறைவு. பெரியவர்களிடம்தான் மல்லுக்கட்டு. நிலத்துப் பட்டாவை நீட்டுவது போல ஆளாளுக்குச் சின்ன வயதுத் தழும்பை நீட்டுவார்கள்.

"அதான் ஒருக்கா குத்தியாச்சே!"

"கல்யாணத்துக்குத் தச்ச சட்டெ இன்னிக்குப் பத்துதா? அந்தக் குத்து தேய்ஞ்சி எத்தினியோ வருஷமாச்சி. மறுபடி குத்திக்கினாத்தான் உண்டு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது. கோபம் முற்றினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைப்பார். அவரை அறிந்தவர்கள் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்தப் பங்குனியில், விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், துரைக்கண்ணு என்ற தச்சர் பெரியம்மையில் போய்விட்டார். நாற்பது வயது. "ஒரு தழும்பு போதும்" என்று தை மாதம் மேரியைத் திருப்பி அனுப்பியவர். செய்தி கேட்டதும் அடுத்த தெரு சுப்பராயலு மேரிக்கு ஆள் விட்டார். முப்பது காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். வீட்டில் ஒன்பது பேர்.

"தை மாசமே ஒம்போது பேருக்கும் ரெண்டாந்தரம் குத்தினியே, ஒருத்தருக்காவது கொப்புளம் எழும்பிப் பலிச்சிதா? நீ வச்சது கெட்டுப்போன பாலு" என்று வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

மேரிக்கும் அதுதான் புரியவில்லை. அதே புட்டிப் பால் மற்ற தெருக்களில் பலித்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு நிலைப்படியில் நின்ற மருமகள் அம்சாதான் மெல்லச் சொன்னாள்: "நீங்க அந்தாண்ட போனதும் எல்லாரையும் கெணத்தாண்ட இட்டுக்கினு போயி, ஜல்தியா தலெக்கு ஊத்திக்கச் சொல்ட்டாரு மாமா."

மேரி சேரியில் பிறந்தவர்; அந்தக் கை தொட்டுவிட்டதாம். அந்தத் தீட்டைக் கழுவ ஒன்பது பேரும் தலை முழுகியிருக்கிறார்கள். காயாத அம்மைப்பாலும் கூடவே வாய்க்காலில் போயிருக்கிறது. அடப்பாவிகளா! உயிரைக் காக்க வந்ததைக் கழுவி ஊற்றிவிட்டு, பழியை அவர் புட்டியின் மேல் போட்டிருக்கிறார்கள். வயிறு எரியாதா?

சுப்பராயலு தோளில் கிடந்த துண்டை எடுத்து மணிக்கட்டில் போர்த்திக்கொண்டு கையை நீட்டினார்.

"இது மேல புடிச்சிக்கினு குத்து."

மேரி துண்டை உருவி அவர் தோளிலேயே போட்டார்.

"ஒங்க பேரப்புள்ளெ உசுரு பெருசா, தீட்டு பெருசா, பெரியவரே? தீட்டுதான் பெருசுன்னா சொல்லுங்க, போறேன். துரைக்கண்ணு வூட்டுல அழறது ஒங்களுக்குக் கேக்குதில்ல?"

சுப்பராயலு அம்சாவின் இடுப்பிலிருந்த குழந்தையை ஒரு தரம் பார்த்தார். பிறகு வெறுங்கையை நீட்டினார். மேரி பாலை வைத்து ஊசியைத் திருகினார்.

குத்தி முடிந்ததும் சுப்பராயலுவின் பார்வை கிணற்றுப் பக்கம் போயிற்று. கையை இழுத்தார். கை வரவில்லை.

"அஞ்சு நிமிஷம் ஆவும் காயறதுக்கு. அதுவரைக்கும் வுட மாட்டேன்."

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். சுப்பராயலு இன்னொரு முறை இழுத்தார். மணிக்கட்டைச் சுற்றியிருந்த மேரியின் ஐந்து விரல்களும் இன்னும் இறுகின.