அஸ்வினியின் இடது மூக்கு

கிளியனூர் அஸ்வினிக்கு மூக்குதான் எல்லாமே. திண்டிவனத்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, பெட்டியைப் பாதி பிரிக்கும்போதே உள்ளே இருப்பது நூல் சேலையா பாலியஸ்டரா என்று சொல்லிவிடுவாள். எதிர்வீட்டில் வறுபடுவது நெத்திலிக் கருவாடா வாளையா என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுப்பது கஷ்டம். அவளும் எடுக்கவில்லை.

பிள்ளை உண்டாகி ஏழாம் மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அது போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் உச்சியை மோந்து, "பால் வாசம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். பெற்றவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டாள். இந்த வாசனையாவது வராதா என்று தணலில் தூளைக் கொட்டிக்கொண்டே போனாள். வாசனை வரவில்லை; வீடு முழுக்கப் புகைதான் வந்தது. வேர்க்கடலை எண்ணெய் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் தென்னரசு ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க நீ? புள்ளைக்கு மூச்சு முட்டுது பாரு."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று அவள் அழுதுவிட்டாள். மறுநாளே விழுப்புரத்துக்கு அழைத்துப் போனான்.

மூக்கு டாக்டரம்மா ஒரு துளையை மூடச் சொல்லி, மறு துளையில் காப்பித்தூளைக் காட்டினார். வலதில் ஒன்றுமில்லை. இடதில் ஏதோ லேசாகக் கருகல் வாடை.

"இடது பக்கம் முழிச்சிக்கிச்சும்மா. அதுல ஏர்ற வாசனை மொதல்ல மூளையோட இடது பக்கத்துக்குப் போவும். கொஞ்சம் பிந்தி வலது பக்கத்துக்கும் சேதி போயிடும். அதனால ஒரு பக்கம் தொறந்தாக்கூட போதும். தெனம் ஒவ்வொரு பக்கமா மோந்து பழகுங்க."

காப்பித்தூள், கிராம்பு, எலுமிச்சைத் தோல் என்று பழகினாள். குழந்தையின் பக்கம் மட்டும் மூக்கைக் கொண்டுபோகவில்லை. அங்கே வராமல் போனால் தாங்கமுடியாது என்ற பயம்.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்த வாரம், ஒரு சாயங்காலம், தென்னரசு கையிலிருந்து அதை வாங்கினாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு, வலது துளையை விரலால் அடைத்து, உச்சியில் மூக்கை வைத்தாள்.

வந்தது. ஆனால் பால் வாசம் இல்லை. மல்லாட்டை எண்ணெய், கோணிச் சாக்கு, ஆம்பிளை வியர்வை.

"மில்லுலருந்து வந்து குளிக்காமயா புள்ளையத் தூக்குற?"

தென்னரசு திருதிருவென்று முழித்தான். "உனக்குத்தான் தெரியாதேன்னு..."

"எத்தினி நாளா?"

"பொறந்ததுலருந்து."

திட்டிக்கொண்டே அவனைக் குளிக்க விரட்டினாள். திட்டும்போதே சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. அவன் போனதும் மறுபடி மோந்தாள். எண்ணெய்க்கு அடியில் பாலும் இருந்தது.